காலைல மட்டும் ஒரு பக்கம் படுத்துக்குற மோட்டார்ஹோம்: ஏர் பேக் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கேள்வி: அண்ணே, என்கிட்ட 1976 மாடல் ஜிஎம்சி மோட்டார்ஹோம் இருக்கு. வெயில் காலத்துல ரெண்டு மூணு நாள் நிறுத்தி வச்சாலும் பின்பக்கம் இறங்குறதில்ல. ராத்திரி ஜீரோ டிகிரிக்குக் கீழ போயிடுச்சுன்னா மறுநாள் காலைல இடது பின்பக்கம் முழுசா உக்காந்துடுது, வலது பக்கம் ரெண்டு விரல் அளவு தான் இறங்குது. ஸ்டார்ட் பண்ணி கம்ப்ரஸரை ஓடவிட்டா பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஏறிடுது, மத்தியானம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. மெக்கானிக் ஒருத்தர் சோப்புத் தண்ணி போட்டுப் பார்த்தார், ஒண்ணும் தெரியல, எதுக்கும் இருக்கட்டும்னு எல்லா ஃபிட்டிங்கையும் டைட் பண்ணார், அதுக்கப்புறம் இன்னும் சீக்கிரமா இறங்குது. இப்போ பின்பக்கத்தைக் காத்தால தாங்குற ரெண்டு ரப்பர் ஏர் பேக்கையும் மாத்தச் சொல்றார். மாத்திடலாமா? அது வரைக்கும் ஓட்டலாமா?

பதில்:

தம்பி, ஏர் பேக் இப்போதைக்கு வாங்காதீங்க. உங்க கடிதத்துலயே பாதி விடை இருக்கு, வெயில்ல நிக்குது குளிர்ல இறங்குதுன்னு எழுதிருக்கீங்க பாருங்க, ஓட்டை விழுந்த பேக் அப்படி நேரம் பார்த்து லீக் ஆகுறது ரொம்ப அபூர்வம், கிழிஞ்ச ரப்பர் ராத்திரியும் விடும் பகலும் விடும். குளிர்ல மட்டும் விட்டுட்டு சூடானதும் தானா அடைச்சுக்குதுன்னா எங்கயோ ஒரு ஜாயின்ட்ல ரப்பரோ நைலானோ சுருங்கி வழி விடுதுன்னு அர்த்தம், இல்லன்னா உள்ள தண்ணி உறைஞ்சு ஏதோ ஒரு வால்வை மூடவிடாம பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.

முதல்ல வலது பக்கத்தைப் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா அது ரெண்டு விரல் இறங்குறதைப் பார்த்து அதுவும் லீக்குனு பயப்படுவீங்க. அது லீக்கா இருக்கணும்னு அவசியமே இல்ல. அடைச்சு வச்ச காத்து குளிர்ந்தா சுருங்கும். 20 டிகிரில ஒரு டேங்க்ல 100 பிஎஸ்ஐ ஏத்தி இறுக்கி மூடிட்டு மைனஸ் 10க்குக் கொண்டு போனீங்கன்னா ஒரு சொட்டு காத்துகூட வெளிய போகாமலே கேஜ் 88 கிட்ட காட்டும். ஆனா ஏர் பேக் டேங்க் இல்ல, அது மேல வண்டி எடை உக்காந்திருக்கு, எடை மாறாததால பிரஷர் பெருசா குறையாது, அதுக்குப் பதிலா உள்ள இருக்குற காத்தோட கொள்ளளவு பத்துல ஒரு பங்கு குறைஞ்சு பேக் சுருங்கிடும், வண்டி அந்த அளவுக்கு இறங்கும். அதனால தான் சில பேர் காலைல கேஜைப் பார்த்துட்டு பிரஷர் அப்படியே இருக்கு ஆனா வண்டி மட்டும் இறங்கிருக்குன்னு குழம்பிப் போறாங்க. வெயில் ஏறுனதும் கம்ப்ரஸர் ஓடாமலே தானா மேல வந்துச்சுன்னா அது வெறும் சுருக்கம், வராம அப்படியே கிடந்தா காத்து வெளிய போயிருக்கு.

உங்களுக்கு இதுல ஒரு நல்லது என்னன்னா ரெண்டு பக்கமும் ஒரே ராத்திரி ஒரே குளிர், வலது பக்கம் குளிருக்கு எவ்ளோ இறங்கணுமோ அவ்ளோ இறங்கிக் காட்டுது, இடது பக்கம் அதுக்கு மேல இறங்குறது எல்லாமே லீக். அதனால இன்னிக்கு சாயங்காலமே தரைல இருந்து சேஸிஸ்ல ஒரே புள்ளிக்கு ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளந்து, வெளிய எத்தனை டிகிரி, கேஜ்ல எவ்ளோன்னு ஒரு நோட்ல எழுதுங்க. காலைல எழுந்ததும் எதையும் தொடாம, ஸ்டார்ட் பண்ணாம திரும்ப அளங்க, அப்புறம் மத்தியானம் ஒரு தடவை. மூணு நாள் எழுதுனாலே எவ்ளோ குளிர்ல லீக் ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சிடும், அந்த டிகிரி நமக்குப் பின்னாடி வேணும்.

சோப்புத் தண்ணில ஏன் தெரியலன்னா அவர் அதைப் பகல்ல, வண்டி சூடா இருக்கும்போது பண்ணிருப்பார். லீக் இல்லாத நேரத்துல லீக்கைத் தேடுனா எப்படிக் கிடைக்கும், குளிர்ல வர்ற லீக்கை குளிர்ல தான் பிடிக்கணும். அதுக்காக மைனஸ்ல சாதாரண சோப்புத் தண்ணியத் தெளிச்சா அது அங்கயே உறைஞ்சு ஓட்டையைக் கொஞ்ச நேரம் அடைச்சு உங்களை ஏமாத்திடும், குளிருக்குன்னு வர்ற உறையாத கண்ணாடி வாஷர் லிக்விட்ல கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு கலந்துக்கோங்க, அம்மோனியா இருக்குற எந்த கிளீனரும் வேண்டாம், பித்தளை ஃபிட்டிங்ல நாளடைவுல வெடிப்பு விழ வச்சிடும். பார்த்து முடிச்சதும் சுத்தமா துடைச்சிடுங்க.

இப்போ பேக்கா ஜாயின்டான்னு பிரிக்கணும். உங்க வண்டில பின்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு வீல், வீலைத் தாங்குற ரெண்டு ஆர்முக்கும் நடுவுல ஒரே ஒரு பேக் படுத்த வாக்குல உக்காந்து ரெண்டையும் தள்ளிப் பிடிச்சிருக்கும், 1973ல இருந்து 1978 வரைக்கும் வந்த எல்லா வண்டியும் இதே அமைப்பு தான். அந்த பேக்குக்குள்ள போற டியூப்ல, பேக்குக்கு எவ்ளோ பக்கத்துல முடியுமோ அவ்ளோ பக்கத்துல கையால திருப்பி மூடுற ஒரு சின்ன பால் வால்வு வைங்க, ராத்திரி அதை மூடிட்டுத் தூங்குங்க. காலைல இடது பக்கம் வலது மாதிரியே ரெண்டு விரல் தான் இறங்கிருக்குன்னா பேக் மேல தப்பே இல்ல, காத்து போறது வால்வுக்கு அந்தப் பக்கம், டியூப்லயோ, வண்டி உயரத்துக்கு ஏத்த மாதிரி காத்தை விட்டு எடுக்குற லெவலிங் வால்வுலயோ, காத்து திரும்பிப் போகாம தடுக்குற என்ஆர்விலயோ. மூடியும் உக்காந்துடுச்சுன்னா பேக், இல்லன்னா பேக்கோட வாய்ல இருக்குற ஃபிட்டிங், இல்லன்னா நீங்க புதுசா போட்ட அந்த பால் வால்வே. கடைசில சொன்னதை மறந்துடாதீங்க, டெஸ்ட் பண்ணப் போட்ட சாமானே லீக் ஆகி ஆளை ரெண்டு வாரம் சுத்த விட்டதைப் பார்த்திருக்கேன், போட்ட உடனே அதுக்கும் சோப்பு போட்டுப் பாருங்க.

இந்த வேலைக்குக் கீழ போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதை நீங்க கண்டிப்பா கேட்கணும். காத்து தாங்குற வண்டிக்கு அடில தலையைக் கொடுக்கவே கூடாது. அஞ்சு டன் பக்கம் எடை, ஒரு டியூப் பிடுங்கிக்கிட்டா கண் சிமிட்டுற நேரத்துல உக்காந்துடும், கத்தக்கூட நேரம் இருக்காது. சமமான தரைல நிறுத்தி, முன் வீலுக்குக் கட்டை போட்டு, சேஸிஸ்ல நல்ல ஸ்டாண்ட் குடுத்து, எடை ஸ்டாண்ட் மேல வந்துடுச்சான்னு கையால தட்டிப் பார்த்துட்டு அப்புறம் தான் உள்ள போகணும். ஜாக்கி மட்டும் போதாது. பிரஷர் இருக்கும்போது எந்த ஃபிட்டிங்கையும் லூஸ் பண்ணாதீங்க.

லீக்கைப் பிடிக்க நான் பண்ற ஒரு வழி சொல்றேன், இதுக்கு விடியக்காலை எழுந்து குளிர்ல நடுங்க வேண்டியதில்ல. வண்டியை சூடான ஷெட்லயே நிறுத்தி ஃபுல்லா காத்து ஏத்திக்கோங்க. நொறுக்குன ஐஸ்ல கல் உப்பு கலந்து ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டுங்க, உப்பு கலந்தா ஐஸ் மைனஸ் பத்துக்கும் கீழ போகும், வெறும் ஐஸ் பத்தாது. ரெண்டு கவர் எதுக்குன்னா உப்புத் தண்ணி பித்தளை மேலயும் இரும்பு மேலயும் படக்கூடாது. அந்தப் பொட்டலத்தை சந்தேகப்படுற ஒரே ஒரு ஃபிட்டிங்ல சுத்தி துணி வச்சுக் கட்டிட்டு இருபது நிமிஷம் காத்திருங்க. எடுத்ததும் அந்த இடம் மேல பனி பூத்திருக்கும், உடனே அந்த வாஷர் லிக்விட் கலவையை பிரஷ்ல தொட்டு வைங்க. நல்ல ஜாயின்ட்னா படலம் அப்படியே கண்ணாடி மாதிரி நிக்கும். லீக்னா முதல்ல ஒண்ணும் தெரியாது, அப்புறம் நட்டோட விளிம்புல கடுகு மாதிரி ஒரு சின்ன நுரை முளைச்சு, மெல்லப் பெருத்து, உடையாம அது பக்கத்துலயே இன்னொண்ணு வரும். அப்படியே வேடிக்கை பார்த்துட்டு இருங்க, ஃபிட்டிங் சூடாக சூடாக அந்த நுரை வர்றது நிக்கும், அது நின்னுச்சுன்னா உங்க வியாதி அதுதான், வேற எங்கயும் தேட வேண்டாம். ஒவ்வொண்ணா பண்ணணும், ஒரே நேரத்துல நாலு இடத்துல ஐஸ் கட்டுனா எது எதுன்னு தெரியாது.

ஏன் இப்படி சூட்டுல அடைச்சு குளிர்ல விடுதுன்னு புரிஞ்சா சரி பண்றது சுலபம். ரப்பர் குளிர்ல இரும்பை விட கிட்டத்தட்ட பத்து மடங்கு அதிகமா சுருங்கும், அதோட கெட்டியாவும் ஆகிடும். ஜாயின்ட்டை அடைக்குற ரப்பர் வளையம், அதான் ஓ-ரிங், புதுசா இருந்தா அமுங்கிப் போயிருந்தாலும் உந்தித் திரும்பி வந்து இடைவெளியை நிரப்பிக்கும். உங்க வண்டில இருக்குறது பல வருஷமா ஒரே பள்ளத்துல அமுங்கிக் கிடந்தது, கழட்டி வெளிய எடுத்து ஓரத்துல பாருங்க, வட்டமா இருக்க வேண்டியது ரெண்டு பக்கமும் தட்டையாகி சின்ன ரிப்பன் மாதிரி இருக்கும், நகத்தால அழுத்துனா தடம் அப்படியே நிக்கும். சூடா இருக்கும்போது அந்தக் கொஞ்சம் மென்மையை வச்சு காத்தோட பிரஷர்லயே பள்ளத்துல ஒட்டிக்கிட்டு ஓட்டும், குளிர்ல அதுவும் போயிடும்.

இதுல நிறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க, விலை அதிகம்னா நல்லதுன்னு நினைச்சு வைட்டான் ஓ-ரிங் வாங்கிப் போடுவாங்க. வைட்டான் சூட்டுக்கும் ஆயிலுக்கும் அருமையான ரப்பர், குளிருக்கு இல்ல, சாதாரண வைட்டான் மைனஸ் 15, 20லயே விறைச்சுக்கும். 1986 ஜனவரி 28ஆம் தேதி சாலஞ்சர் விண்கலம் வெடிச்சு ஏழு பேர் உயிர் போச்சே, அதுல ராக்கெட் ஜாயின்ட்ல இருந்த ஓ-ரிங்கும் வைட்டான் வகை தான், அன்னிக்குக் காலைல உறைநிலை கிட்ட குளிர். விசாரணைல ரிச்சர்ட் ஃபெயின்மேன் அந்த ரப்பர் துண்டை ஒரு கிளாம்ப்ல நசுக்கி ஐஸ் தண்ணில வச்சிட்டு எடுத்து, கிளாம்பை விட்டதும் ரப்பர் உடனே பழைய உருவத்துக்குத் திரும்பலன்னு எல்லார் முன்னாடியும் காட்டுனார். உங்க ஃபிட்டிங்ல நடக்குறதும் அதே தான், அளவு தான் சின்னது. அதனால குளிருக்குன்னே வர்ற நைட்ரைல் ஓ-ரிங் கேட்டு வாங்குங்க. குளிர் தாங்கும்னு இபிடிஎம் ரப்பர் குடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க, கம்ப்ரஸர்ல இருந்து ஆயில் ஆவி லைன்ல வந்துட்டே இருக்கும், அது இபிடிஎம்மை ஊதிப் போகச் செஞ்சிடும். போடும்போது சிலிக்கான் கிரீஸ் விரல்ல தடவி ஒரு மெல்லிய படலம் மட்டும் வைங்க, அப்பாதீங்க.

ஃபெர்ரூல்னு ஒரு சின்ன வளையத்தை வச்சு நட் போடுற பித்தளை ஃபிட்டிங் கதை வேற. அங்க அடைக்குறது நைலான் டியூப் மேல கடிச்சுப் பிடிச்சிருக்குற ஃபெர்ரூல். நைலான் பித்தளையை விட அதிகமா சுருங்கும், அதோட வருஷக்கணக்கா நசுங்குன இடத்துல கொஞ்சம் கொஞ்சமா வழிஞ்சு மெலிஞ்சும் போயிருக்கும். இதை டைட் பண்ணா ஒரு நாள் ரெண்டு நாள் நிக்குற மாதிரி இருக்கும், ஆனா ஃபெர்ரூல் டியூபை இன்னும் நசுக்கி உள் விட்டத்தையே ஒடுக்கிடும், அடுத்த குளிருக்கு முன்னைவிட மோசமா விடும். உங்களுக்கு டைட் பண்ணதுக்கப்புறம் சீக்கிரமா இறங்குதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான், அதனால தயவு செஞ்சு இன்னொரு தடவை ஸ்பேனர் வைக்க விடாதீங்க. சரியான வழி, டியூப்ல ஒரு இஞ்ச் வெட்டி எறிஞ்சிட்டு புது முனைல புது ஃபெர்ரூல் போடுறது. வெட்டும்போது ஹேக்ஸா வேண்டாம், டியூப் கட்டர்லயோ புது பிளேடுலயோ நேரா வெட்டுங்க, முனை சாய்ஞ்சிருந்தா உள்ள உக்காராது. டியூபுக்குள்ள வைக்குற சின்ன பித்தளைக் குழாய் துண்டு ஒண்ணு இருக்கும், இன்சர்ட்னு சொல்வோம், முன்னாடி வேலை பார்த்தவங்க அது எதுக்குன்னு தெரியாம விட்டுருப்பாங்க, அது இல்லாம நைலான் உள்பக்கமா மடங்கிப் போகும். டியூப் பழுப்பாகி மடக்குனா வெள்ளைக் கோடு விழுதுன்னா ஒட்டுப் போடாதீங்க, முழு நீளமும் ஏர் பிரேக்குக்குப் போடுற நைலான் டியூபா மாத்திடுங்க, இந்த வேலைல காசு செலவு பண்ண வேண்டிய இடம் இதுதான்.

டெஃப்லான் டேப்பை ஃபெர்ரூல் நட்டுல சுத்தாதீங்க, அங்க மரை அடைக்குறதில்ல, அதோட பிஞ்சு போன ஒரு துணுக்கு டேப் லைன்ல போய் லெவலிங் வால்வு சீட்ல உக்காந்தா புது லீக் ஒண்ணை நீங்களே உண்டாக்குன மாதிரி.

அடுத்து தண்ணி. கம்ப்ரஸர் காத்தை மட்டும் அமுக்குறதில்ல, காத்துல இருக்குற ஈரத்தையும் சேர்த்து அமுக்குது, சூடா டேங்குக்குப் போன காத்து குளிர்ந்ததும் தண்ணியா அடில நிக்கும். அந்தத் தண்ணில ஒரு துளி என்ஆர்வி சீட்லயோ லெவலிங் வால்வுலயோ நின்னு ராத்திரி உறைஞ்சா வால்வு முழுசா மூடாது. இதுக்கு ஒரு அடையாளம் இருக்கு, சுருக்கத்தால வர்ற லீக் குளிர் ஏற ஏற அதிகமாகும், ஐஸால வர்றது ஒரு நாள் வரும் மறுநாள் அதே குளிர்ல வராது, அதுவும் மழைக்கோ ஈரமான நாளுக்கோ அப்புறம் வரும். உங்க நோட்ல அந்த மாதிரி தாறுமாறா இருந்துச்சுன்னா டேங்க் ட்ரெயினைத் திறந்து பாருங்க, பழுப்புத் தண்ணி கொட்டுச்சுன்னா அது தான். காத்துல ஈரத்தை எடுக்குற ட்ரையர் இருந்தா உள்ள இருக்குற மணி மாதிரி சரக்கை மாத்துங்க, இல்லன்னா ஒண்ணு போடுங்க. லைன்ல ஆல்கஹால் ஊத்துற பழக்கம் சில பேர்கிட்ட இருக்கு, ஐஸ் கரையும் தான், ஆனா பழைய ரப்பருக்கு அது நல்லது பண்ணாது, நான் செய்ய மாட்டேன். உறைஞ்ச வால்வை இளக்க வெந்நீர்ல நனைச்ச துணியோ ஹேர் ட்ரையரோ போதும், பக்கத்துல நெருப்பு கொண்டு போகவே கூடாது.

லெவலிங் வால்வு உள்ளுக்குள்ள விடுதான்னு பார்க்க ஒரு எளிய வழி, மெல்லிய ரப்பர் கையுறையோட ஒரு விரலை வெட்டி எக்ஸாஸ்ட் வாய்ல மாட்டி நூலால கட்டிடுங்க, வண்டி லெவல்ல நிக்கும்போது கட்டணும். காலைல அந்த விரல் விறைச்சு நின்னா காத்து அது வழியாத் தான் போகுது. சோப்பு உறையுற குளிர்லயும் இது வேலை செய்யும், ராத்திரி பூரா காவல் காக்க வேண்டாம்.

இன்னொண்ணு, காத்து அடிக்குற நிப்பிளை மறந்துடாதீங்க. ஒருத்தர் என்கிட்ட இதே கம்ப்ளெய்ன்ட்டோட வந்தார், ரெண்டு பேக்கும் புதுசு, கம்ப்ரஸரும் புதுசு, எல்லாம் வேற இடத்துல மாத்திட்டு வந்திருக்கார், அப்பவும் குளிர்ல இடது பக்கம் உக்காருது. மனுஷன் அவ்ளோ செலவு பண்ணி களைச்சுப் போய் வண்டியை வித்துடலாம்னு சொல்ற நிலைமைல இருந்தார். நான் ஒவ்வொரு ஃபிட்டிங்கா ஐஸ் கட்டிட்டு வந்து கடைசில தான் நிப்பிள்ல கட்டுனேன், உள்ள இருக்குற வால்வு பின், டயர்ல இருக்குமே அதே சின்ன சாமான், அது விட்டுச்சு. அது முதல் விண்டர்ல இருந்தே விட்டுட்டு இருந்திருக்கும். அன்னில இருந்து நான் நிப்பிள்ல தான் முதல்ல ஐஸ் கட்டுறேன், நீங்களும் அங்க இருந்தே ஆரம்பிங்க. பின்னை மாத்திட்டு உள்ள ரப்பர் வாஷர் இருக்குற இரும்பு மூடி போடுங்க, பிளாஸ்டிக் மூடி தூசிக்குத் தான்.

இவ்வளவும் பார்த்து பேக் தான்னு உறுதியாச்சுன்னா மாத்தத் தான் வேணும். பேக்கை ஊதுன நிலைலயும் பாருங்க, காத்து இறக்குன நிலைலயும் மடிப்பை விரிச்சுப் பாருங்க. மேல்தோல்ல மெல்லிசா வலை மாதிரி வெடிப்பு வயசுக்கு வர்றது, கண்காணிச்சா போதும். வெடிப்புக்குள்ள நூல் தெரிஞ்சாலோ ஒரு பக்கம் புடைச்சிருந்தாலோ லீக் இருக்கோ இல்லையோ அன்னிக்கே கழட்டுங்க.

ஓட்டலாமான்னு கேட்டீங்க. உக்காந்த நிலைல ஒரு அடி கூட நகர்த்தாதீங்க, ஆர்ம் ஸ்டாப்ல இடிச்சுட்டு இருக்கும், விறைச்ச பேக் மடிப்புல நசுங்கும், குளிர்ல தான் ரப்பர் அந்த இடத்துல வெடிக்கும். ரெண்டு பக்கமும் மேனுவல்ல சொன்ன உயரத்துக்கு வந்து, இஞ்சின் ஆஃப் பண்ணி அரை மணி நேரம் நின்னு பார்த்து இறங்கலன்னா பக்கத்துல போகலாம், நீண்ட பயணம் வேண்டாம். ஓடும்போது இறங்குற மாதிரி தெரிஞ்சா ஓரமா நிறுத்திடுங்க. கம்ப்ரஸரை லீக்குக்குப் பதிலா ஓட விடுறதும் ஒரு வழின்னு நினைக்காதீங்க, பழைய கம்ப்ரஸர் தொடர்ந்து ஓடுனா சூடாகிப் போயிடும், குளிர்ல பேட்டரியும் சக்தி குறைஞ்சு தான் இருக்கும், ரெண்டையும் சேர்த்து இழந்துடுவீங்க.

ஐஸ்ல சிக்குன ஜாயின்ட் எதுவோ, அதே ஜாயின்ட் வலது பக்கமும் ஒண்ணு இருக்கும், அதுவும் அதே வயசு, அதே சாமான் போட்டு அதையும் இப்பவே மாத்திடுங்க. கழட்டுன பழைய ஓ-ரிங்கைத் தூக்கிப் போடாதீங்க, ஆனா தட்டையானதை அளந்து புதுசு வாங்கவும் வேண்டாம், அளவு தப்பா வரும், அது உக்காந்திருந்த பள்ளத்தை அளந்து வாங்குங்க. மாத்துன அன்னிக்கு ராத்திரி அந்த பால் வால்வைத் திறந்தே வச்சிட்டு காலைல அளந்து எனக்கு எழுதுங்க தம்பி.